நோட்டின் பின்பக்கம் ஊசிக்காரனுக்கு

செப். 2, செவ்வாய்

காலையிலிருந்து மூடுபனி. எதிரே இருக்கும் பலாமரம் தெரியவில்லை. கண்ணுக்கு இதம். துணிதான் காயாது.

புது நோட்டு, நூறு பக்கம். பள்ளி அலமாரியிலிருந்து எடுத்தது, திருப்பி வைக்கும் எண்ணம் இல்லை. டாக்டரம்மா சொன்னபடி முன்பக்கத்தில் அட்டவணை போட்டாயிற்று. தேதி, வலி (பத்துக்கு எத்தனை), மாத்திரை, ஊசி, தூக்கம். முன்பக்கம் அவருக்கு. பின்பக்கம், அதாவது இது, எனக்கும் ஊசிக்காரனுக்கும்.

சுருக்கங்கள்: த.வ. என்றால் தலைவலி. மா. மாத்திரை. த.ஆ. தலைமை ஆசிரியர். பொ. பொன்னாயி, பள்ளியில் சத்துணவு சமைப்பவள், எனக்கு இந்த மலையில் ஒரே துணை. ஊசிக்காரனுக்குச் சுருக்கம் கிடையாது. அவனை முழுசாக எழுதி எழுதித்தான் தீர்க்க வேண்டும்.

போன வாரம் பள்ளியில் மருத்துவ முகாம். எனக்குச் சர்க்கரை கூடுதல், ரத்த அழுத்தம் கூடுதல், எங்கும் இடித்துக்கொள்ளாமலே முழங்கையில் நீலமாகக் கன்றிய தடங்கள். வயது முப்பத்தொன்பது. எங்கள் வீட்டில் யாருக்கும் சர்க்கரை இல்லை. டாக்டரம்மா, ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் புதிதாக வந்தவர், என் பழைய மாணவிகள் வயதுதான் இருக்கும், என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க முகம் எப்பவுமே இப்படி உருண்டையாத்தான் இருக்குமா?"

"மலைக்கு வந்து சதை போட்டிருச்சுங்க."

"தலைவலிக்கு என்ன எடுத்துக்கறீங்க?"

சொன்னேன். ரெண்டு வருடமாகச் சனிக்கிழமைதோறும் மலைக்குக் கீழே பேளுக்குறிச்சிச் சந்தையில் ஒரு ஊசி. மற்ற நாட்களுக்குக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் வெள்ளை மாத்திரை, தினம் ரெண்டு, வலி கூடினால் மூன்று. மிச்சமிருந்த பொட்டலத்தை நேற்று கொண்டுபோய்க் காட்டினேன். அட்டை கிடையாது, பெயர் கிடையாது. மேஜையில் கொட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எனக்குத் தெரியல" என்றார். "என்ன மருந்துன்னு பாக்காம சொல்ல முடியாது. ஊசியில ஸ்டீராய்டு இருக்கும்னு சந்தேகமா இருக்கு. அதுதான் முகத்த உருண்டையாக்கும், சர்க்கரையக் கூட்டும். வலி மாத்திரைய தினமும் போட்டா அந்த மாத்திரையே தலைவலியக் கொண்டு வரும்."

பதினோரு வருட த.வ.வில் எனக்குத் தெரியல என்று சொன்ன முதல் டாக்டர். அழுகை வந்தது. அடக்கினேன், அழுதால் வலி கூடும்.

இனி வெள்ளை மாத்திரை கிடையாது, ஊசி கிடையவே கிடையாது. உடம்பு ஊசிக்குப் பழகிவிட்டதால் திடீரென்று நிறுத்தினால் ஆபத்தாம். அதற்குப் பதிலாக, பெயர் அச்சிட்ட அட்டையில் ஒரு மாத்திரை, வாராவாரம் குறைத்துக்கொண்டே வர வேண்டும். படுக்கும் முன் இன்னொன்று. முதல் ரெண்டு வாரம் வலி கூடும், மூன்று மாதம் கழித்துத்தான் பலன் உண்டா இல்லையா என்று சொல்ல முடியும் என்றார். உண்டு என்று சொல்லவில்லை. அதையும் குறித்துக்கொண்டேன்.

ஆக, வலியை உள்ளே போட்டவனிடமே வலியை எடுக்கச் சொல்லி ரெண்டு வருடம் கை நீட்டியிருக்கிறேன். நீட்டியதோடு விடாமல் "உங்களுக்குப் புண்ணியமாப் போவுதுங்க" என்று கும்பிட்டும் இருக்கிறேன்.

வலி 6.

செப். 3, புதன்

விடியற்காலை நாலு மணிக்கே விழிப்பு. வலப்பொட்டில் ஆணி. காஸ் சொல்ல வேண்டும். எட்டாம் வகுப்புக்குப் பின்னம் மறுபடி.

குற்றப்பத்திரிகை:

கண் டாக்டர், கரூர். கண்ணாடி கொடுத்தார். ரெண்டு மாதம் கழித்து வேறு கண்ணாடி. தண்டனை: ரெண்டையும் ஒன்றன் மேல் ஒன்றாக மாட்டிக்கொண்டு, பஸ்ஸின் கடைசி சீட்டில் எழுபது கொண்டை ஊசி வளைவையும் இறங்க வேண்டும்.

சைனஸ் என்றவர். தண்டனை: எனக்குச் செய்ததையெல்லாம் அவர் மூக்குக்கு.

பெரிய ஆஸ்பத்திரி நரம்பு டாக்டர். மூன்று மணி நேரம் காத்திருந்தேன், மூன்று நிமிடம் பேசினார். என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஸ்கேன் படத்தைப் பார்த்து "உங்களுக்கு ஒண்ணுமே இல்லம்மா, சந்தோஷமாப் போங்க" என்றார். தண்டனை: ஒன்றுமே இல்லாத இந்தத் தலையை ஒரே ஒரு நாள் அவர் கழுத்தில் மாட்டிவிட வேண்டும். சந்தோஷமாகப் போகட்டும்.

"கல்யாணம் பண்ணிக்கிட்டாச் சரியாப் போயிரும்" என்ற அம்மாள். தண்டனை இன்னும் முடிவாகவில்லை. அவசரப்பட்டு லேசாக எதையாவது கொடுத்துவிடக் கூடாது.

இலைச்சாறு மூக்கில் விட்ட பெரியவர், இதே மலையில் திருப்புலி நாடு என்ற பகுதி. மூன்று நாள் எரிந்தது. ஆனால் கிளம்பும்போது, "கேக்கலீன்னா உட்ருங்க சாமி, எனக்கு அவ்ளோதான் தெரியும்" என்றார். விடுதலை.

மலைக்கு வந்தபிறகு பார்த்த மூன்று டாக்டர்கள், மொத்தமாக. மூன்று பேரும் கேட்ட முதல் கேள்வி ஒன்றேதான். "டிரான்ஸ்பருக்கா?" கீழேயிருந்து இங்கே வேலைக்கு வரும் ஆட்களுக்குத் தலைவலி என்றால் அர்த்தம் அதுதான். மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று ஒரு சர்டிபிகேட், அதை வைத்து மாற்றல் மனு. எனக்கு முன்னால் இருந்த கணக்கு டீச்சர் அப்படித்தான் இறங்கினார். அவருக்கு முன்னால் இருந்தவரும். அவர்கள் தலைவலியெல்லாம் பொய்யாக இருந்து, என் தலைவலி மெய்யாக இருந்து, நான் பொய்க்காரி ஆனேன்.

எனக்கு மாற்றல் வேண்டாம். கீழே வெயில், ஹாரன், தகரக் கூரையெல்லாம் கண்ணில் குத்தும். இங்கே பனி, இருட்டு, சத்தமில்லாத ராத்திரி. ஐந்து வருடமாக மலையில் இந்த எடப்புளி நாட்டுப் பகுதிதான் என்னைக் கொஞ்சமாவது மனுஷியாக வைத்திருக்கிறது. சொன்னால் சிரிக்கிறார்கள்.

கடைசியாக ஊசிக்காரன். அவன் மட்டும்தான் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. முதல் நாளே உள்ளங்கையை வலப்பொட்டில் சரியாக வைத்து, "இங்கதானுங்களே? வலி நெசமாலுமே இருக்குதுங்க டீச்சர், எனக்குத் தெரியுது" என்றான். அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் ரெண்டு வருடம் போனேன். மற்றவர்கள் நம்பாமல் வெறுங்கையோடு அனுப்பினார்கள். இவன் நம்பி, நம்பிக்கொண்டே ஏற்றினான். அதனால் பெரிய தண்டனை இவனுக்கு.

வலி 7. பள்ளிக்குப் போனேன்.

செப். 5, வெள்ளி

ஆசிரியர் தினம். எட்டாம் வகுப்பு ஒரு பேனாவும் சென்ட் அடித்த பிளாஸ்டிக் ரோஜாவும் கொடுத்தது. பேனா நல்ல பேனா. ரோஜாவை ஜன்னலுக்கு வெளியே வைத்தேன், அப்படியும் வாசனை வந்தது. பத்தரை மணிக்கு வலி 8. ஆய்வகத்தில் திரையை இழுத்துவிட்டுத் தரையில் படுத்திருந்தேன்.

கதவுக்கு வெளியே த.ஆ. யாரிடமோ:

"நம்ம ரெஜினா டீச்சருக்கு மறுபடியும் தலவலியாமா. டிரான்ஸ்பர் கலந்தாய்வு தேதி வரப்போவுதில்ல, வரத்தானே செய்யும்."

சிரிப்பு. டீ கிளாஸ் சத்தம்.

படுத்தபடியே யோசித்தது: ஊசிக்காரனை ஒரு நாற்காலியில் உட்காரவைத்து, அவன் தலைக்கு மேல் எங்கள் பள்ளி மணியைத் தொங்கவிட்டு, எட்டாம் வகுப்பை வரிசையாக அடிக்கச் சொல்ல வேண்டும். பிறகு அந்த ரோஜாவை மோக்கக் கொடுக்க வேண்டும். பிறகு த.ஆ. வந்து "கலந்தாய்வுக்கா?" என்று கேட்க வேண்டும். ரொம்ப நேரம் இதிலேயே இருந்தேன். வலி 7 ஆனது. பழி வாங்க நினைத்தால் குறைகிறதோ என்னவோ. முன்பக்கத்தில் இதற்குக் கட்டம் இல்லை.

செப். 6, சனி

ரெண்டு வருடத்தில் சந்தைக்குப் போகாத முதல் சனி. மழை. வீடு துடைத்தேன். பத்து மணிக்கு (வழக்கமாக ஊசி போடும் நேரம்) கை தானாகவே சேலைத் தலைப்பைத் தோளுக்கு மேல் தள்ளியது. தலை அல்ல, கை. கைக்கு ஞாபகம் இருக்கிறது.

சாயங்காலம் பொ. வந்தாள். மிளகு விற்றுவிட்டு, முட்டிவலிக்கு ஊசியும் போட்டுக்கொண்டு, வழக்கம் போல. குச்சிக்கிழங்கு (மரவள்ளி) வேகவைத்துக் கொண்டுவந்திருந்தாள். கூடவே ஒரு காகிதப் பொட்டலம்.

"டாக்டரு கேட்டாருங்க. ஏன் டீச்சரு வல்லீன்னு. ஒடம்பு முடியலீன்னு சொன்னனுங்க. பாவம், இதக் குடுத்து உட்டாரு."

பாவமாம். பொட்டலத்தை வாங்கி அரிசி டப்பாவில் போட்டேன். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் டாக்டரே இல்லை, டாக்டருக்குப் படித்ததற்கு ஒரு காகிதம்கூடக் கிடையாது, ஊசியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது, அவனைப் பிடித்துக் கொடுக்கப் போகிறேன். பொ. கிழங்கை உரித்துக்கொண்டே கேட்டாள்.

"அவரப் புடிச்சுக் குடுத்துட்டா எங்களுக்கு யாருங்க ஊசி போடுவாங்க?"

"அதான் மலையிலயே ஆஸ்பத்திரி இருக்குதே!"

"அங்க போனா நடக்கோணும், ஒக்காரோணும், சீட்டு வாங்கோணும். வெசாழக்கெழம வா, செவ்வாக்கெழம வாம்பாங்க. சந்தைக்கு எப்படியும் போறமில்லீங்க. மொளவு வித்த கையோட ஒரு ஊசி. வளைவு ஏறறப்ப வலி இருக்காது."

கோபமாக வந்தது. உனக்கு ஒன்றும் புரியாது என்று சொல்லிவிட்டேன். மீதிக் கிழங்கை மூடி வைத்துவிட்டுப் போனாள்.

வலி 8. அரிசி டப்பாவை மூன்று முறை திறந்தேன். மா. 0.

செப். 7, ஞாயிறு

ஆலயம். பிரசங்கம் எதிரியை மன்னிப்பது பற்றி. போதகர் நல்லவர்தான், ஆனால் மைக் வைத்துப் பேசுகிறார். பாதியில் எழுந்து வந்துவிட்டேன். மன்னிக்கலாம், முதலில் அவனும் ஒரு ஞாயிறு இப்படிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடக்கட்டும்.

பொட்டலத்தைக் கழிவறையில் கொட்டினேன். ஒன்றை எடுத்து வைத்துக்கொண்டு மற்றதை. பிறகு அந்த ஒன்றையும்.

செப். 10, புதன்

மத்தியானம் அரை நாள் விடுப்பு, சுகாதார நிலையம். டாக்டரம்மா அட்டவணையைக் கட்டம் கட்டமாகப் படித்தார். விரலை வைத்துப் படிக்கிறார். நான் எழுதியதை ஒருவர் விரல் வைத்துப் படிப்பது இதுதான் முதல் முறை.

புகார் பற்றிக் கேட்டேன். எழுதிக் கொடுத்தால் மாவட்டத்துக்கு அனுப்புகிறேன் என்றார். ஆனால் ஊசி போட்டுக்கொண்டவர் யாராவது பெயர் போட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். மருந்துக் குப்பி ஏதாவது கிடைத்தால் இன்னும் நல்லது.

குப்பி கிடைக்காது. எனக்குத் தெரியும் அவன் வேலை. சீட்டு எழுத மாட்டான். அவன் மச்சான்தான் கம்பவுண்டர், மறைப்புத் துணிக்குப் பின்னால் நின்று குப்பியை உடைத்துப் பழைய பால்பவுடர் டப்பாவில் போடுவான். இவன் வெளியிலிருந்து "பழைய ரெண்டு" என்று குரல் கொடுப்பான், வழக்கமான மருந்தில் ரெண்டு குப்பி என்று அர்த்தம். எனக்கு எப்போதும் பழைய ரெண்டு. பொ.வுக்குப் பழைய ஒன்று. கடை கட்டும்போது டப்பாவைத் தீயில் கொட்டிவிட்டுத்தான் கிளம்புவான்.

"நான் போய் எடுத்துட்டு வாரேங்க" என்றேன்.

"நீங்க போக வேண்டாம். இப்ப உங்களுக்கு அந்த இடமே ஆகாது."

"ஊசி போட்டுக்க மாட்டேங்க. அந்தளவுக்கு முட்டாள் இல்ல."

அவர் நோட்டை மூடிக் கையில் கொடுத்தார். கையெழுத்து விஷயத்தையும் யோசித்தேன். புகார் மாவட்டத்துக்குப் போனால் பள்ளிக்குத் தெரியும். எம்.எஸ்சி., பி.எட். படித்த கணக்கு டீச்சர் சந்தைத் தகர ஷெட்டில் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டாள் என்று த.ஆ. ஊரெல்லாம் சொல்வார். குப்பியே பேசட்டும், கையெழுத்தை வேறு யாராவது போடட்டும் என்று முடிவு.

வலி 6. பரவாயில்லை.

செப். 13, சனி

இடக்கையால் எழுதுவது போல இருக்கிறது. ஆனாலும் இன்றே எழுத வேண்டும்.

முதல் பஸ். பொ. பக்கத்தில். மிளகு மூட்டைகள் கால் வைக்க இடமில்லாமல். ஏறும்போது வலி 4, சந்தோஷமாகத்தான் ஏறினேன். கைப்பையில் கைக்குட்டை ரெண்டு, பிளாஸ்டிக் பை, குப்பியைச் சுற்ற ஒரு பழைய பனியன் துணி. பஸ்ஸிலேயே பொ.விடமும் சொன்ன திட்டம்: உள்ளே போவது, ஊசி வேண்டாம், மாத்திரை மட்டும் என்பது, மச்சான் திரும்பும்போது டப்பாவில் கை விடுவது.

பனி விலகி வெயில் வந்தது. வளைவுக்கு வளைவு வெயில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகக் கண்ணில் அறைந்தது. இருபதாவது வளைவிலேயே வலி 7. மலையடிவாரம் காரவள்ளியில் இறங்கி வாந்தி. அடுத்த பஸ்ஸில் பாட்டு, முழு சத்தம். சந்தையில் இறங்கும்போது 9. கடுகு, மல்லி, மிளகாய், எல்லா வாசனையும் தலைக்குள் நேராக இறங்கியது. பொ. கையைப் பிடித்துக் கூட்டிப் போனாள். அந்த ஷெட்டில் நாற்பது பேராவது இருக்கும், பாதிப் பேர் நம் மலை ஆட்கள்.

"டீச்சருக்கு வழி உடுங்க சாமி, முடியலீங்க அவங்களுக்கு."

வழி விட்டார்கள். அவன் எழுந்தே நின்றான்.

"ஏனுங்க டீச்சர், போன வாரம் வல்லீங்களே. மொகம் வாடிப் போச்சுங்க." உள்ளங்கை. வலப்பொட்டில். சரியாக அதே இடத்தில்.

நான் மனப்பாடம் செய்துவைத்திருந்த வாக்கியம் வாயில் இல்லை. "போட்டுடுங்க" என்றேன்.

அவன் உடனே போடவில்லை. உட்கார்ந்தான். "வேற டாக்டரு யாரையாச்சும் பாத்தீங்களா?"

"யாரையும் பாக்கலீங்க."

"மலைக்குப் புதுசா ஒரு பொம்பளப் புள்ள வந்திருக்குதாமே."

"எனக்குத் தெரியாதுங்க. போட்டுடுங்க, உங்களக் கும்பிட்டுக் கேக்கறேன். நிக்க முடியலீங்க."

கையைக் கூப்பித்தான் கேட்டேன். வரிசையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். காலில் விழவில்லை. இன்னும் ஒரு நிமிடம் காக்க வைத்திருந்தால் அதுவும் நடந்திருக்கும். அவன் சிரித்தான். அன்பாகவே சிரித்தான். பிறகு துணிக்குப் பின்னால் பார்த்துச் சொன்னான்.

"பழைய மூணு."

திரும்பி வரும்போது எழுபது வளைவிலும் தூங்கினேன். பொ. என்ன செய்தாள், எப்போது ஊசி போட்டுக்கொண்டாள் என்றுகூடத் தெரியாது. பனியன் துணி மடித்தது மடித்தபடி பையில்.

முன்பக்கத்தில் எழுதியது: வலி 9. மா. 0. ஊசி 0.

செப். 14, ஞாயிறு

வலி 0. எழுதிப் பார்க்கிறேன், பூஜ்யம்.

போர்வை துவைத்தேன். நாற்பத்தொரு விடைத்தாள் திருத்தினேன். பாட்டு வந்தது வாயில். ஜன்னலைத் திறந்து வெயிலைப் பார்த்தேன், வெயில் சும்மா வெயிலாக இருந்தது. இத்தனை சுகத்தையும் கொடுத்தது அவன். இதை விடப் பெரிய அவமானம் கிடையாது. வெறுப்பவன் கையால் நன்றாக இருக்கிறேன். இன்னும் மூன்று நாளில் வலி திரும்பும், எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். அதனால்தான் சிரித்தான்.

பதினொரு மணிக்குப் பொ. வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்று மடியிலிருந்து ஒரு சிறு பிளாஸ்டிக் பையை எடுத்து நீட்டினாள். உள்ளே கழுத்து உடைந்த நாலு குப்பி. பெயர் அச்சடித்தது அப்படியே இருக்கிறது. அவள் கட்டைவிரலில் துணி சுற்றியிருந்தது.

"ஏது இது?"

"எனக்கு இடுப்புலதானுங்க ஊசி. துணிக்குப் பின்னாடி போவோணும். போட்டுட்டு அவனும் மச்சானும் திரும்பிக்கிட்டாங்க, நான் சீலயச் சரி பண்ணட்டும்னு. அப்ப டப்பாவுல கைய உட்டனுங்க. கொஞ்சம் கிழிச்சுப் போட்டுது."

"நீதானே சொன்ன, அவரு போயிட்டா யாரு ஊசி போடுவாங்கன்னு?"

பொ. பலாமரத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"நீங்க கெஞ்சுனதப் பாத்தனுங்க. எங்க ஊட்டு ஆளு சாராயத்துக்குக் கெஞ்சும்ல, அதே மாதிரி இருந்துச்சுங்க. கண்ணு, கையி, எல்லாம். கடைக்காரன் சிரிப்பாம் பாருங்க, அதே சிரிப்பு."

அவள் வீட்டு ஆள் செத்து நாலு வருடம். டீ போட்டுக் கொடுத்தேன். ஆற்றி ஆற்றிக் குடித்தாள்.

செப். 15, திங்கள்

பரீட்சைக் கால அட்டவணை வந்துவிட்டது. த.ஆ.விடம் மறுபடி அரை நாள் விடுப்பு, மூஞ்சியைத் தூக்கினார்.

சுகாதார நிலையத்தில் வரிசையில் உட்கார்ந்திருந்தபோது முன்பக்கத்தைத் திறந்தேன். சனி, ஊசி 0. விடையை அழித்து எழுதினால் எட்டாம் வகுப்புக்கு மார்க் குறைப்பேன். பூஜ்யத்தை அடித்து 1 போட்டேன். அதற்குக் கீழே: நானே கேட்டு வாங்கியது.

டாக்டரம்மா விரல் வைத்துப் படித்தார். விரல் அங்கே நின்றது. திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் இந்தப் பட்டியலில் அவரையும் சேர்த்துவிடலாம் என்றுகூட ஒரு நினைப்பு. அவர் மாத்திரை அட்டையை வாங்கி, நாள் கணக்கை மறுபடி எழுதினார்.

"மூணு மாசத்த இன்னையிலிருந்து எண்ணுங்க. இத எழுதலைன்னா நான் மருந்து வேலை செய்யலைன்னு நெனச்சு மாத்தியிருப்பேன்."

அவ்வளவுதான். குப்பிகளை வெளிச்சத்தில் பார்த்தார். சந்தேகப்பட்டதுதானாம், ஸ்டீராய்டு. கூட வலி மருந்து. இன்னொன்று அவருக்கும் தெரியவில்லை, குறித்துக்கொண்டார்.

கையெழுத்து? யாரும் இல்லை. நான்தான். பெயர், வேலை, பள்ளி, எல்லாம் எழுதினேன். ரெண்டு வருடம், சனிக்கிழமைதோறும், தகர ஷெட்டில். கடைசி ஊசி இந்த மாதம் பதிமூன்றாம் தேதி, கைகூப்பிக் கேட்டுப் போட்டுக்கொண்டேன். அந்த வரியை எழுதும்போது சூடாக ஒரு சந்தோஷம். இந்த வரியை அவன் முன்னால் வைத்து யாராவது சத்தம் போட்டுப் படிக்க வேண்டும். நான் கூனிக் குறுகினாலும் பரவாயில்லை, அவன் சிரிப்பு போக வேண்டும்.

கிளம்பும்போது டாக்டரம்மா, "அவர்கிட்ட ஊசி போட்டுக்கற மத்தவங்களையும் இங்க அனுப்பி வைங்க, அவங்களும் திடீர்னு நிறுத்தக் கூடாது" என்றார். சரி சரி என்றேன். என் மனமெல்லாம் கையெழுத்தில்.

செப். 17, புதன்

வலி 8. சொன்ன நாளில் சொன்னபடி வந்துவிட்டது. ஆய்வகத் தரை.

புகார் விஷயம் த.ஆ.வுக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தார். இதற்கு முன் தட்டியதே இல்லை.

"டிரான்ஸ்பருக்கு இப்பிடியும் ஒரு வழி இருக்குதுங்களா டீச்சர்? எனக்குத் தெரியாமப் போச்சே."

"சார், எனக்கு டிரான்ஸ்பர் வேண்டாம். எழுதித் தரட்டுமா? ஓய்வு பெறும் வரைக்கும் இங்கதான் இருப்பேன். உங்க தலைமேலதான்."

போய்விட்டார். வலி 8, ஆனால் நல்ல 8.

செப். 20, சனி

தூறல். வெல்லம் தீர்ந்துவிட்டது. இன்று சந்தைக்கு மாவட்டத்து ஆட்கள் போகிறார்கள் என்று டாக்டரம்மா நேற்றே சொன்னார். காலையிலிருந்து வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். பத்து மணிக்குக் கை தோளுக்குப் போனது. ஒரு அடி கொடுத்தேன் கைக்கு.

நாலு மணிக்குப் பொ. வந்தாள். உள்ளே வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"சொல்லு."

"ஷெட்டு பூட்டிக் கெடக்குதுங்க. சீல் வெச்சுட்டாங்க. குப்பி, ஊசி, டப்பா எல்லாத்தையும் ஜீப்புல ஏத்திட்டாங்களாமா. அந்தாளு மாட்டல. முந்தியே யாரோ சொல்லிப்போட்டாங்க, பின்னாடி வழியா ஓடிட்டான். மச்சான் மாட்டிக்கிட்டான்."

மச்சான்! எனக்கு மச்சான் எதற்கு. தரையில் ஓங்கி மிதித்தேன், அது தலையில் கேட்டது.

"சனங்க?"

"வெளிய நாப்பது அம்பது பேரு நின்னாங்க. யாரு புடிச்சுக் குடுத்தாங்களோ அவங்க கை அழுவிப் போவோணும்னு மண்ணை வாரித் தூத்துனாங்க."

"நீ?"

"நானும் ரெண்டு கை வாரித் தூத்துனனுங்க. சும்மா நின்னா சந்தேகம் வருமில்லீங்க."

சிரித்துவிட்டேன். அவளும். சிரித்தால் வலிக்கிறது, இருந்தாலும். பிறகு பொ. குரலைத் தாழ்த்தி, "திங்கக்கெழமச் சந்த ஒண்ணு இருக்குதாமுங்க, அங்க போடுவான்னு பேசிக்கிட்டாங்க. எந்த ஊருன்னு கேட்டு வெச்சிருக்கறனுங்க" என்றாள்.

ஊர்ப் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டேன். கீழே ரெண்டு கோடு.

அவள் எழுந்திருக்கவில்லை. ரெண்டு கையாலும் முட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். முகம் வேர்த்திருந்தது, இந்தக் குளிரில். உருண்டையான முகம். ரெண்டு வருடமாகப் பக்கத்து சீட்டில் பார்த்துக்கொண்டு வந்த முகம், அது ஏன் உருண்டை என்று ஒரு நாளும் எனக்குத் தோன்றவில்லை.

"பொன்னாயி, நீ எத்தன வருசமா போட்டுக்கற?"

"உங்களுக்கு முந்தியேங்க. நாந்தானே உங்களக் கூட்டிட்டுப் போனேன்." முட்டியைத் தேய்த்தாள். "இன்னிக்கு ஊசி இல்லீங்களே. வளைவு ஏறறப்ப உசுரு போயிருச்சு. இனி எனக்கு யாருங்க போடுவாங்க?"

டாக்டரம்மா திங்கட்கிழமையே சொன்னார். மத்தவங்களையும் அனுப்புங்க என்று. குப்பி எடுத்துக் கொடுத்தவளை நான் மத்தவங்களில்கூடச் சேர்க்கவில்லை. ஐந்து நாள் அவனையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். "இப்பவே கூட்டிட்டு வாங்க" என்றார். பள்ளிக்குப் பக்கத்து வீட்டு ஜீப்புக்குச் சொல்லியாயிற்று, வந்துகொண்டிருக்கிறது. அதுவரை நோட்டின் முன்பக்கத்தில் என் பெயருக்குக் கீழே ஒரு கோடு போட்டு, பொன்னாயி என்று எழுதினேன். சனி. மா., ஊசி.

"வலி பத்துக்கு எத்தனைன்னு சொல்லு. எழுதோணும்."

"உங்களுக்கு எத்தனைங்க இன்னிக்கு?"

"நாலு."

பொன்னாயி முட்டியிலிருந்து கையை எடுத்து விரல் விட்டு எண்ணினாள்.

"அப்ப எனக்கு மிச்ச ஆறப் போட்டுக்கங்க டீச்சர்."